அண்ணன் துப்பாக்கி வாங்கிய ஐந்து ஞாயிறுகள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் நம்மை விட்டுப் போய் இன்றோடு ஒரு வருடம் ஆகிறது. நான் அவருக்கு ஒரே தம்பி. பெரியகுளத்தில் நாற்பது வருடமாகப் பத்திரம் எழுதிப் பிழைக்கிறேன். அடுத்தவர் சொத்துக்கு நான்கெல்லை எழுதிப் பழகிய கை, கூடப்பிறந்தவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்ட பிறகு மதினிதான் வழி சொன்னார். "உங்க அண்ணன் சொக்கத் தங்கம்னு எழுதாதீக தம்பி. அது எல்லா மலர்லயும் இருக்கு. துப்பாக்கி வாங்குன கதையை எழுதுங்க. அதுல அவுக முழுசா இருக்காக" என்றார். அப்படியே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ஜெயமங்கலத்தில். அப்பா காலமானபோது அவருக்குப் பதினைந்து வயது, எனக்கு ஒன்பது. பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டு ஏர் பிடிக்கப் போனவர் அதை மறுபடி எடுக்கவே இல்லை. அந்தப் பையைத்தான் நான் பத்தாம் வகுப்பு வரை தூக்கிக்கொண்டு போனேன். கூலிக்கு உழுதார், மாந்தோப்புகளுக்குக் காவல் இருந்தார், குத்தகை பிடித்தார். முப்பது வயதில் மலையடிவாரத்தில் எட்டு ஏக்கர் மேட்டு நிலம் வாங்கியபோது, பாதியை என் பேரில் எழுதச் சொன்னார். நான் எழுதிய முதல் பத்திரங்களில் அதுவும் ஒன்று. அண்ணன் பங்குக்குக் கிழக்கே என் நிலம், தெற்கே வண்டிப்பாதை, வடக்கே ஓடை, மேற்கே காட்டிலாகா எல்லைக்கல். அந்தக் கல் மனிதர்களுக்குத்தான் எல்லை. காட்டுப்பன்றிகள் எந்தப் பத்திரத்தையும் படிப்பதில்லை.

எதை வாங்கினாலும் அண்ணன் அவசரப்பட்டவர் இல்லை. ஒரு குடை வாங்க மூன்று மாதம் பார்த்தார், அதற்குள் மழைக்காலமே முடிந்துவிட்டது. சந்தையில் பதினோரு பானையைத் தட்டிப் பார்த்துவிட்டு முதல் பானைக்கே திரும்பி வருவார். எனக்குப் பெண் பார்த்த கதையையும் எழுதலாம், ஆனால் இந்த மலர் என் வீட்டுக்கும் வரும். மதினியை மட்டும் ஒரே நாளில் பார்த்து முடிவு செய்தார் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். அது பற்றிக் கேட்டால், "அதுல பாக்குறதுக்கு என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அப்படிப்பட்டவர் தம் வாழ்நாளில் பார்க்காமல் வாங்கிய பொருள் ஒன்றே ஒன்றுதான். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உரிமம் கிடைத்தவுடன், ஊரைவிட்டுப் போகிற ஒருவர் கொடுத்த ஒற்றைக்குழல் துப்பாக்கியை வாங்கி வந்துவிட்டார். கடலை முற்றியிருந்தது, பன்றிகள் தினம் வந்துகொண்டிருந்தன, அதனால் அவசரம். பன்றியைக் கொல்லக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். சத்தம் கேட்டால் ஓடிவிடும், அதற்குத்தான். அந்தத் துப்பாக்கிக்குப் போடுவது ரவைத் தோட்டா. ஒரு தோட்டாவுக்குள் கடுகு மாதிரி நிறைய ரவை இருக்கும், வெளியே வந்ததும் சிதறும்.

பதினேழு வருடத்துக்கு முன்பு, ஐப்பசி மாதம், பொழுது சாயும் நேரம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அண்ணனுக்குச் சூடாகப் பணியாரம் கொடுத்துவிட்டு வரலாம் என்று, சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு வண்டிப்பாதை வழியாக வராமல் என் நிலத்தின் குறுக்கே வந்தேன். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. குனிந்து இழுத்தேன். புதருக்குப் பின்னால் குனிந்திருந்த என்னைப் பன்றி என்று நினைத்துவிட்டார் அண்ணன். ஆனாலும் புதரைப் பார்த்துச் சுடவில்லை, அதற்கு இந்தப் பக்கம் இருந்த வரப்பைப் பார்த்துத்தான் சுட்டார். ரவை வரப்போடு நிற்கவில்லை. ஐந்து ரவை என் இடது கெண்டைக்காலில் இறங்கியது.

"ஏலே! நீயாலே?" என்று அவர் கத்தியது இன்றும் என் காதில் இருக்கிறது. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ரோடு வரை ஓடினார். வலியைவிட அவர் அழுததுதான் எனக்குத் தாங்கவில்லை. "பணியாரம் கீழ விழுந்துருச்சுண்ணே" என்றேன். ஆஸ்பத்திரியில் நான்கு ரவையை எடுத்தார்கள். ஐந்தாவது எலும்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, தொந்தரவு செய்யாமல் விட்டுவிடலாம் என்றார்கள். இன்றைக்கும் மழை வருவதற்கு முதல் நாளே அது எனக்குச் சொல்லிவிடும்.

மறுநாள் காலையில் அண்ணன் துப்பாக்கியைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். தவறுதலாக நடந்தது என்று நான் வாக்குமூலம் கொடுத்தேன், விஷயம் அதோடு முடிந்தது. அண்ணன் மனதில் அது முடியவில்லை. என் வீட்டுக்கு வந்தால் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என் காலைப் பார்ப்பார்.

நான்கு வருடம் துப்பாக்கி இல்லாமல் ஓடியது. தகரம் தட்டினார், வெடி போட்டார், பழைய சேலையைச் சுற்றிக் கட்டினார். பன்றிகளுக்கு எல்லாம் பழகிவிட்டது. கடலை போனது, வாழைக்கன்று போனது, ஒட்டு மாங்கன்றுகளின் வேரைக்கூடக் கிளறிப் போட்டன. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக மனை போடுகிறவர்களுக்கு விற்றார்கள். அந்தப் பத்திரங்களையும் நான்தான் எழுதினேன். ஒருநாள் அண்ணனே மூலப்பத்திரத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எழுதிரு தம்பி. முடியல" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்கு எழுத என் பேனாவுல மை இல்லண்ணே. ஒழுங்கா ஒரு நல்ல துப்பாக்கியாப் பாத்து வாங்குங்க. குடை வாங்க மூணு மாசம் பாத்த ஆளு, அதை மட்டும் ஏன் பாக்காம வாங்கினீக?" என்று கேட்டுவிட்டேன். கடையில் நாலு பேர் இருந்தார்கள். அண்ணன் மஞ்சள் பையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் மதினிதான் ஒரு நிபந்தனை போட்டார். தம் கையிலிருந்து பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்றைக் கழற்றி அண்ணன் முன்னால் வைத்தார். "சிதறுற துப்பாக்கி இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. நூறு மீட்டருக்கு அங்கிட்டு இருந்து சுட்டா அஞ்சு குண்டும் இந்த வளையலுக்குள்ள விழணும். விழுந்தா வாங்குங்க. விழலேன்னா நிலத்தை வித்துட்டு ஊருக்குள்ள போயிருவோம்." நடக்காத காரியம் என்று நினைத்துத்தான் சொன்னேன் என்று பிற்பாடு என்னிடம் ஒப்புக்கொண்டார்.

அடுத்து மதுரையில் துப்பாக்கிக் கடை. நானும் கூடப் போனேன். அண்ணன் வளையலைத் துண்டிலிருந்து எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்து நிபந்தனையைச் சொன்னார். கடைக்காரர் பெரியவர், சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். ஒரே குண்டாகப் போகிற ரைபிள்தான் உங்களுக்கு வேண்டும், அதிலும் போல்ட் வைத்ததைப் பாருங்கள் என்றார். ஒவ்வொரு முறையும் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளிப் பூட்டினால்தான் அடுத்த தோட்டா ஏறும், அதனால் யோசிக்க நேரம் இருக்கும் என்று விளக்கினார். அண்ணனுக்கு அந்தக் கடைசி வார்த்தை பிடித்துப்போனது. பிறகு பெரியவர் எச்சரித்தார்: "ஆனா ஒண்ணு. ரவை கொஞ்ச தூரத்துல செத்துரும். இந்தக் குண்டு ஊரு தாண்டிப் போகும். பின்னால மண்மேடு இல்லாம இதைச் சுடவே கூடாது."

அதைக் கேட்டு நான் பயந்துபோனேன். அண்ணன் ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக மேற்கு மூலையில் ஓடை மண்ணைக் கொட்டி இரண்டு ஆள் உயரத்துக்குக் கரை எழுப்பினார். நடுவில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார். துப்பாக்கியே இல்லை, இவர் எதைச் சுடப்போகிறார் என்று பார்த்தவர்கள் கேட்டார்கள்.

சுட்டுப் பார்த்து வாங்குகிற வழக்கம் கடையில் கிடையாது. "ஒரு மாடு வாங்கினாக்கூட ரெண்டு சால் ஓட்டிப் பாப்போமேய்யா" என்று அண்ணன் விடாமல் கேட்டதில், அந்தப் பெரியவர் ஒரு ரைபிள் கிளப்புக்குக் கடிதம் கொடுத்தார். உரிமம் உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து சுட்டுப் பழகுகிற இடம். அவர்கள் சுடுவார்கள், அண்ணன் பின்னால் நின்று பார்க்கலாம்.

அங்கே அவர் மாட்டுச் சந்தையில் நடப்பது போலவே நடந்தார். துப்பாக்கியைக் கையில் தொடமாட்டார். உடையவரைப் போல்ட்டைக் கழற்றச் சொல்லி, குழலை வானத்தைப் பார்த்துப் பிடிக்கச் சொல்லி, உள்ளே குண்டைச் சுழற்றிவிடுகிற திருகு வரி தேயாமல் பளபளக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். நாங்கள் வந்த பஸ் டிக்கெட்டைக் கொடுத்து, குழலுக்கும் அடியிலுள்ள மரக்கட்டைக்கும் நடுவில் நுழைத்து இழுக்கச் சொல்வார். டிக்கெட் தங்குதடையில்லாமல் ஓடினால் தலையாட்டுவார், மாட்டினால் உதட்டைப் பிதுக்குவார். கட்டை ஒட்டினால் மழைக்கும் வெயிலுக்கும் குழல் நகர்ந்து குறி மாறும் என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார். விசை வெங்காயத்தாள் ஒடிகிற மாதிரி சட்டென்று விடுபடுகிறதா, அதற்கான தோட்டா மதுரையிலேயே கிடைக்குமா, எல்லாம் கேட்பார். விலை மட்டும் ஒரு நல்ல கறவை மாட்டின் விலையைத் தாண்டக் கூடாது. அதை முதலிலேயே சொல்லிவிடுவார்.

அந்நிய நாட்டு ரைபிள் ஒன்று, தொலைநோக்கி எல்லாம் வைத்தது, ஐந்து குண்டையும் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் போட்டது. விலை கேட்டுவிட்டு அண்ணன் அதற்கு ஒரு கும்பிடு போட்டார். புத்தம் புதிதாகப் பளபளத்த இன்னொன்றில் மூன்று குண்டு வளையலுக்குள், இரண்டு வெளியே. மூன்றாவதாக வந்தது மேகமலை எஸ்டேட்டில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற மலையாளி ஒருவருடையது. பழசு, கட்டையில் ஒரு தழும்பு, தோல் வார் பிய்ந்திருந்தது. "சேட்டா, இவன் பாக்கத்தான் கிழவன்" என்று சொல்லி ஐந்து குண்டு சுட்டார். ஐந்தும் வளையலுக்குள். நான் அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

அண்ணன் நகரவில்லை. "சார், அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவீகளா? ஒரே ஒரு குண்டு சுட்டாப் போதும்" என்றார்.

மேலாளருக்குப் புரியவில்லை. அண்ணன் சொன்னார்: "அஞ்சையும் வரிசையாச் சுட்டா குழல் சூடாயிரும், கையும் பழகிரும். காட்டுல அப்படியா? சும்மா கிடந்ததை எடுத்து ஒரு தடவை சுடுவோம். அந்த மொதக் குண்டு எங்கன போகுதுன்னுதான் எனக்குத் தெரியணும்." பக்கத்தில் நின்ற ஒரு கிளப்காரர் கேட்டார், "பன்றியைச் சுடப்போறதில்லைங்கிறீங்க. அதட்டுறதுக்கு எதுக்குங்க இவ்வளவு குறி?" அண்ணன் என் இடது காலைப் பார்த்தார். "எது மேல படக்கூடாதுங்கிறதுக்குத்தான் குறி வேணும்" என்றார்.

மேலாளர் நல்ல மனிதர், அதற்குப் பிறகு மறுக்கவில்லை. அடுத்த ஐந்து ஞாயிறும் வந்தார், புதிய தாள் ஒன்றில் வாரம் ஒரே ஒரு குண்டு சுட்டார். ஒரு வாரம் நல்ல வெயில், ஒரு வாரம் சாரல். ஒவ்வொரு வாரமும் அண்ணன் அதே தாளைச் சுருட்டி எடுத்துவந்து மறுவாரம் ஒட்டினார். நான்காவது குண்டு வளையல் விளிம்பை ஒட்டித்தான் உள்ளே விழுந்தது. ஐந்தாம் ஞாயிறு தாளை எடுத்துவந்து வளையலை வைத்துப் பார்த்தோம். ஐந்து ஓட்டையும் உள்ளேதான். மேலாளர் கறவை மாட்டு விலைக்கும் குறைத்தே கேட்டார்.

ஒரு தடை பாக்கி இருந்தது. உரிமத்தில் துப்பாக்கியை மாற்ற விசாரணைக்கு அழைத்தார்கள். பக்கத்து நிலத்துக்காரன் என்ற முறையில் என்னையும் கேட்டார்கள். ஆய்வாளர் பழைய காகிதங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப குண்டடிபட்டது நீங்களா?"

"ஆமாய்யா."

"சுட்டது?"

"எங்க அண்ணன்."

"இப்பத் துப்பாக்கி கேக்குறது?"

"அவருதான்யா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க ஆட்சேபணைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இது இதோட முடிஞ்சுரும். யோசிச்சுச் சொல்லுங்க." அண்ணன் வெளியே வேப்பமரத்தடியில் மஞ்சள் பையோடு நின்றுகொண்டிருந்தார். அதற்குள் வளையலும் தாளும் இருந்தன. நான் போய் வாங்கிவந்து ஆய்வாளர் மேசையில் விரித்துக் காட்டி, ஐந்து ஞாயிறு கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "எழுதிக் குடுங்க" என்றார். என் வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் பக்கம் எழுதியிருக்கிறேன். 'எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை' என்று அன்று எழுதிய ஒரு வரியைப் போல மனதார எதையும் எழுதியதில்லை.

வெளியே வந்து சொன்னதும் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான்கு வருடத்துக்குப் பிறகு காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார்.

அதன் பிறகு பதினொரு வருடம் அந்த ரைபிள் எங்கள் மேற்கு மூலையைக் காத்தது. அண்ணன் சுட்டதெல்லாம் மண்கரையின் சுண்ணாம்பு வட்டத்தை மட்டும்தான். அந்தச் சத்தம் மலையில் மோதித் திரும்பும், பன்றிகள் வந்த வழியே போய்விடும். ஒரு பன்றிக்கும் காயமில்லை, மனிதருக்கும் இல்லை. தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். மகளை விடுதியில் சேர்க்கப் போகிறவர் போலச் சோர்ந்த முகத்தோடு போவார். நிலம் தப்பியது. அன்று கிளறப்பட்ட மாங்கன்றுகளின் பழத்தை இன்று நீங்கள் எல்லோரும் சாப்பிட்டிருப்பீர்கள்.

இன்னொரு பழக்கமும் அப்போதுதான் வந்தது. ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்னாலும் எனக்குப் போன் செய்வார். "ஏலே, எங்க இருக்கே?" என்பார். "கடையில இருக்கேண்ணே" என்றால் வைத்துவிடுவார், அடுத்த நிமிடம் சுடுவார். ஒருமுறை நான் கல்யாணத்துக்காகச் சென்னையில் இருந்தேன். அங்கேயும் போன் வந்தது. "மெட்ராஸ்ல இருக்கேண்ணே, அம்புட்டு தூரம் உங்க குண்டு வராது" என்று எரிச்சலாகச் சொன்னேன். "சரி சரி, அங்கனயே இரு" என்று சொல்லிவிட்டு வைத்தார். பந்தியில் இருந்தவர்கள் என்னவென்று கேட்டார்கள், நான் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சென்ற வருடம் நெஞ்சுவலி என்று தேனியில் சேர்த்தபோது ஆறு நாள் இருந்தார். மருந்து மயக்கத்திலேயே கிடந்தார். ஐந்தாம் நாள் சாயங்காலம் கண்ணைத் திறக்காமலே, "ஏலே, எங்க இருக்கே?" என்றார். அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "இங்கனதாண்ணே இருக்கேன்" என்றேன். அவருக்குக் கேட்டது என்றே நம்புகிறேன். மறுநாள் காலை அமைதியாகப் போய்விட்டார்.

உரிமக்காரர் இல்லாததால் ரைபிளை முறைப்படி மதுரைக் கடையில் ஒப்படைத்தோம். திருப்பூரில் இருக்கும் அண்ணன் மகள், நிலத்தை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி தாயைக் கூப்பிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. துக்கச் சடங்கில் மதினியின் கை வளையல்களைக் கழற்றிவிட்டார்கள். மோட்டார் அறையில், அந்தத் தாளோடு சேர்த்து அண்ணன் ஆணியில் மாட்டி வைத்திருந்த பச்சை வளையல் மட்டும் யார் ஞாபகத்துக்கும் வரவில்லை. முப்பதாம் நாள் முடிந்து மதினி அதை எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்து, அண்ணன் உட்கார்ந்த அதே பெஞ்சில் உட்கார்ந்தார். விற்பனைப் பத்திரத்துக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, பேனாவை மூடி மேசைக்குள் வைத்தேன்.

"வாரிசுதாரர் பேருக்கு உரிமத்தை மாத்தலாமாம்ல. மனு எழுதுங்க" என்றார். "அந்தக் கிளப்புலயும் என்னைச் சேத்துவிடுங்க. எனக்கும் அதே அஞ்சு ஞாயிறுதான். வளையலுக்குள்ள விழலேன்னா நானே நிலத்தை எழுதிக் குடுத்துர்றேன்."

அறுபத்து மூன்று வயதில் மதினி கிளப் துப்பாக்கியில் பழகினார். முதலில் தாளிலேயே படவில்லை. எட்டு மாதம் போனது. அதன் பிறகு, வாரம் ஒரு குண்டு வீதம், ஐந்து ஞாயிறு. அந்தத் தாளும் இப்போது மோட்டார் அறையில் பழைய தாளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. இரண்டாவது முறையும் விசாரணையில் என்னைக் கேட்டார்கள், நான் அதே வரியை எழுதிக் கொடுத்தேன். மகளும் சம்மதக் கடிதம் அனுப்பினாள். இந்த வாரம்தான் உரிமம் மதினி பேருக்கு மாறி, ரைபிளும் கடையிலிருந்து வீடு திரும்பியது.

அண்ணனை ஆறு நாளும் கண்ணுக்குள் வைத்துப் பார்த்த மருத்துவர்கள், செவிலியர்கள், ஜெயமங்கலத்திலிருந்தும் பழனிசெட்டிபட்டியிலிருந்தும் ஓடிவந்து கூட நின்ற உறவினர்கள், வாராவாரம் ஒரே ஒரு குண்டுக்காகப் பயணம் செய்த மேலாளர் ஐயா, கடிதம் கொடுத்த கடைக்காரப் பெரியவர், மதினியைத் தங்கள் வீட்டுப் பெண்ணாக நினைத்துப் பழக்கிய கிளப் நண்பர்கள், காதால் கேட்டு மனதால் முடிவு செய்த ஆய்வாளர் ஆகிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணன் இருந்திருந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போயிருப்பார். இந்த வருடம் அதை நான் செய்கிறேன்.

நேற்று முன்தினம் சாயங்காலம் இந்தக் கட்டுரையின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தேன். கால் லேசாக வலித்தது, மேற்கே மேகம் கூடியிருந்தது. போன் அடித்தது. அண்ணன் நம்பர். ஒரு வருடமாக அடிக்காத நம்பர். பேனாவை வைத்துவிட்டு எடுத்தேன்.

"தம்பி, எங்க இருக்கீக?"

"கடையிலதான் மதினி இருக்கேன்."

"சரி, அங்கனயே இருங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.